பேட்மேன்-அட்வான்ஸ்டு: வழியைத் தேடத் தெரியும், வருபவரை விசாரிக்கத் தெரியாது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் 2011 மார்ச் மாதம் வெளிவந்த 2.6.38 பதிப்பு முதல் தகவலுக்கு வழி காட்டும் ஒரு ரூட்டிங் மென்பொருள் ஆரவாரமில்லாமல் குடியிருக்கிறது. பேட்மேன்-அட்வான்ஸ்டு என்பது அதன் பெயர். வௌவால் வேடமிட்ட நாயகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நகரும் அட்-ஹாக் வலையமைப்புக்கான மேலான அணுகுமுறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து, பெர்லினின் ஃப்ரைஃபுங்க் என்ற, மக்களே சேர்ந்து நடத்தும் வைஃபை வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் வைத்த பெயர் அது. கோபுரமும் மைய ரூட்டரும் இல்லாமல், இருக்கிற கருவிகளே ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றிக் கொண்டுசேர்க்கும் வலையமைப்புகளுக்காக எழுதப்பட்ட இம்மென்பொருளை ஆறு சிறிய ரூட்டர்களிலும் இரண்டு மடிக்கணினிகளிலும் சில வாரங்கள் இயக்கிப் பார்த்தேன். வழியை எவ்வளவு நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்பதும், கண்டுபிடித்த வழியை எவ்வளவு நம்பலாம் என்பதும் நான் மனத்தில் வைத்திருந்த இரண்டு கேள்விகள். முதலாவதற்கு விடை விரைவில் கிடைத்தது. இரண்டாவதுதான் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது.

நிறுவுவதில் பெரிய சிரமமில்லை. கர்னல் கூறு ஏற்கெனவே இருப்பதால், பேட்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியை மட்டும் சேர்த்து, வைஃபை இடைமுகத்தை மென்பொருளிடம் ஒப்படைத்தால் பேட்0 என்ற மெய்நிகர் இடைமுகம் தோன்றிவிடுகிறது. இது ஐபி முகவரிகளுக்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கில் வேலை செய்வதால், மேலே இருந்து பார்க்கும்போது மொத்த வலையமைப்பும் ஒரே பெரிய ஈதர்நெட் சுவிட்ச் போலத் தெரிகிறது. எந்தக் கருவியும் எந்தக் கணுவின் (வலையமைப்பில் பங்கேற்கும் பெட்டியின்) வழியாக இணைந்தாலும் அதன் ஐபி முகவரி மாற வேண்டியதில்லை. கைபேசி போன்ற வாடிக்கைக் கருவிகளில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது கூடுதல் வசதி. ஒரே ஓர் இடத்தில் சறுக்கினேன், குற்றம் என்னுடையதுதான். ஒவ்வொரு சட்டகத்தின் (காற்றில் போகும் தரவுப் பொட்டலத்தின்) மீதும் இம்மென்பொருள் தன் தலைப்பை ஏற்றுவதால், அடியிலுள்ள இடைமுகத்தின் எம்டியு என்ற உச்சச் சட்டக அளவை 1500இலிருந்து 1532 பைட்டாக உயர்த்தும்படி ஆவணம் சொல்கிறது. அதைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். மென்பொருள் சட்டகங்களை இரண்டாகப் பிளந்து அனுப்பிச் சமாளித்ததால் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. வேகம் மட்டும் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டிருந்தது.

இதன் வழித்தேடலை மதிப்பிட, இதற்கு முன் வந்தவற்றை ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். இணையப் பொறியியல் பணிக்குழு இத்துறைக்கென 1997இல் தனிக் குழு அமைத்தது. அங்கிருந்து வந்தவற்றுள் 2003 ஜூலையில் ஆர்எஃப்சி 3561 என்ற வரையறை ஆவணமாக வெளியான ஏஓடிவி நெறிமுறை, தேவைப்படும்போது மட்டும் வழி தேடும் வகையைச் சேர்ந்தது: அனுப்ப வேண்டிய செய்தி வந்த பிறகு, இந்த முகவரிக்கு வழி தெரியுமா என்ற கேள்வியை வலையமைப்பு முழுக்கப் பரப்பி, விடைக்குக் காத்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்எஃப்சி 3626 ஆக வந்த ஓஎல்எஸ்ஆர் இதற்கு நேர்மாறானது. வலையமைப்பின் வரைபடத்தை ஒவ்வொரு கணுவும் எப்போதும் கையில் வைத்திருந்து, மாற்றம் வரும்போதெல்லாம் குறுகிய வழிகளைக் கணக்கிடும். சில நூறு கணுக்கள் கொண்ட பெர்லின் வலையமைப்பில், மலிவான ரூட்டர்களின் சிறிய செயலிகளுக்கு அந்தக் கணக்கே பெரும் பாரமாகிப்போன அனுபவத்திலிருந்துதான் பேட்மேன் பிறந்தது.

எனவே இதில் யாரிடமும் முழு வரைபடம் கிடையாது. ஒவ்வொரு கணுவும் நொடிக்கு ஒரு முறை, நான் இருக்கிறேன் என்று வரிசை எண்ணிட்ட ஒரு சிறு அறிவிப்பை வெளியிடும். இதற்கு ஓஜிஎம் என்று பெயர். கேட்ட அண்டைக் கணு அதைத் திரும்பச் சொல்லும்; அதன் அண்டை மறுபடி சொல்லும். தொலைவிலுள்ள ஒரு கணுவின் அறிவிப்பு எந்த அண்டை வழியாக மிக நல்ல நிலையில் வந்து சேர்கிறதோ, அந்தக் கணுவுக்கான சரக்கை அந்த அண்டையிடம் கொடுத்தால் போதும் என்பதே முழுத் தத்துவம். அண்டைக்கு அப்பால் வழி எப்படிப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தரத்தை அளக்க, இந்த வழித்தேடல் முறையின் நான்காம் பதிப்பு 0 முதல் 255 வரையிலான டிக்யூ என்ற மதிப்பைப் பயன்படுத்துகிறது. அறிவிப்பு 255 என்ற முழு மதிப்போடு புறப்பட்டு, கடக்கும் ஒவ்வொரு இணைப்பின் தரத்துக்கேற்பவும் ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்குமான கழிவுக்கேற்பவும் குறைந்துகொண்டே வரும். வானொலி இணைப்பு இரு திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் இது கணக்கில் எடுக்கிறது: நான் சொன்னதை அண்டை திரும்பச் சொல்லும்போது எத்தனை முறை என் காதில் விழுகிறது என்பதை, அண்டை தானாகச் சொல்வது எத்தனை முறை விழுகிறது என்பதால் வகுத்தால், என் பக்கத்திலிருந்து போகும் திசையின் தரம் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு எளிய கணக்கில் இவ்வளவு சரியான விடை வருவது அழகான பொறியியல்.

நிலையாக வைத்த ஆறு கணுக்களில் இது குறைசொல்ல முடியாதபடி நடந்துகொண்டது. நடுவிலிருந்த ஒன்றின் மின்சாரத்தைத் துண்டித்தபோது சில நொடிகள் தடுமாறி, மாற்று வழியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு கணுவைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால் நிலைமை மாறுகிறது. இணைப்பின் தரம் கடைசி 64 அறிவிப்புகளை வைத்துக் கணிக்கப்படுகிறது. நொடிக்கு ஓர் அறிவிப்பு என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேற்பட்ட பழைய நினைவு அதில் கலந்திருக்கிறது என்று பொருள். நின்ற இடத்தில் நிற்கும் ரூட்டருக்கு இந்த நிதானம் வரம். நடப்பவருக்கு அது பாரம். என் கையிலிருந்த கணு பழைய அண்டையின் எல்லையைத் தாண்டிய பிறகும், மற்றவை அந்தப் பழைய வழியிலேயே சில நொடிகள் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. வலையமைப்பை விட்டே போன கணுவின் பெயர் அட்டவணையில் 200 நொடிகள் வரை தங்கியிருக்கும். அறிவிப்பின் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒவ்வொருவர் அறிவிப்பையும் ஒவ்வொருவரும் திரும்பச் சொல்வதால், 100 கணுக்கள் இருந்தால் நொடிக்குச் சுமார் 10,000 மறு அறிவிப்புகள் வரை போகக்கூடும். பல அறிவிப்புகளை ஒரே சட்டகத்தில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு இருந்தும், இடைவெளியைப் பாதியாக்கினால் சுமை இருமடங்காவதைத் தவிர்க்க முடியாது. பெயரில் நகர்வு என்ற சொல் இருந்தாலும், இது மெதுவாக நகர்பவர்களுக்கான மென்பொருள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான்காம் பதிப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அறிவிப்புகள் எல்லாருக்கும் பொதுவான பிராட்காஸ்டாகப் போவதால் வைஃபை அவற்றை மிகக் குறைந்த வேகத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில், அனுப்புகிறது. அந்த வேகத்தில் தொலைவிலுள்ள கணுவின் குரல்கூடத் தெளிவாகக் கேட்கும். ஆகவே அந்த நீண்ட இணைப்பு நல்லது என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். உண்மையான தரவை வேகமாக அனுப்ப முயலும்போதுதான் அது ஓட்டை வாளி என்பது தெரியும். 2016இல் கர்னலுக்குள் வந்த ஐந்தாம் பதிப்பு இதைத் திருத்துகிறது. அண்டைகளைக் கண்டறிவதை அரை நொடிக்கு ஒரு முறை போகும், யாரும் திரும்பச் சொல்லாத தனிச் செய்தியிடம் ஒப்படைத்துவிட்டு, வழியின் தரத்தை வைஃபை இயக்கி மதிப்பிடும் தரவு வேகத்தைக் கொண்டே அளக்கிறது. பயன்பாடின்றிக் கிடக்கும் இணைப்புகளில் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி அந்த மதிப்பீட்டைப் புதுப்பிக்கவும் செய்கிறது. ஒரே வைஃபை இடைமுகத்தில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் கணு ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது என்பதால், அத்தகைய தாவலில் மதிப்பைப் பாதியாக்குகிறது. என் சோதனையில் இரண்டு பதிப்புகளும் ஒரே இரு புள்ளிகளுக்கிடையே வெவ்வேறு வழியைத் தேர்ந்தன. ஐந்தாம் பதிப்பு தேர்ந்த வழியில் ஒரு தாவல் கூடுதலாக இருந்தும் கோப்பு விரைவாகப் போய்ச் சேர்ந்தது.

தாவல்கள் கூடக்கூட வேகம் சரிவதை மட்டும் எந்த மென்பொருளின் தலையிலும் சுமத்த முடியாது. ஒரே அலைவரிசையில் இரண்டு தாவல் என்றால் பாதி, மூன்று என்றால் மூன்றிலொரு பங்கு என்பது இயற்பியலின் கணக்கு. கணுக்கள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும் என்று ஆய்வாளர்கள் குப்தாவும் குமாரும் 2000ஆம் ஆண்டிலேயே கணித வழியில் நிறுவிவிட்டார்கள்.

இனி இரண்டாம் கேள்வி. முன்னே சொன்ன வழிமுறையை மறுபடி நினைத்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு படியும் அண்டை சொல்வதை அப்படியே நம்புவதில் நிற்கிறது என்பது புலப்படும். நான் இன்னார், இது என் வரிசை எண், இந்தக் கணுவுக்கு என் வழியாக 255 தரத்தில் போகலாம் என்று ஒரு பெட்டி சொன்னால், அதற்குச் சான்று கேட்க இம்மென்பொருளில் இடமே இல்லை. ஓஜிஎம்மில் கையொப்பமில்லை, பொதுத் திறவுகோலால் இடும் முத்திரையும் இல்லை. ஆகவே வலையமைப்புக்குள் நுழைந்துவிட்ட ஒரு பொய்யர், வேறொரு கணுவின் பெயரில் புதிய வரிசை எண்ணோடு அறிவிப்புகளைத் தயாரித்து, அந்தக் கணுவுக்கான போக்குவரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், இழுத்ததை விழுங்கிவிடலாம். இத்துறையில் இதைக் கருந்துளைத் தாக்குதல் என்பார்கள். என்னுடைய சொந்த ஆறு கணுக்களுக்குள் இதைச் செய்து பார்த்தபோது, பொய் அறிவிப்பை உண்மை அறிவிப்பிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு வரிகூடப் பேட்சிடிஎல்லின் வெளியீட்டில் வரவில்லை. வரிசை எண் திடீரென வெகுதூரம் தாவினால் அந்தக் கணு மறுதொடக்கம் ஆகியிருக்கலாம் என்று கருதி 30 நொடிகளுக்குச் செயல்படும் ஒரு தடை இருக்கிறது. ஆனால் அது விபத்துக்கான காப்பு. எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும் திருடனை அது நிறுத்தாது.

வழித்தேடலோடு இச்சிக்கல் முடிவதில்லை. வசதிக்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் அதே நம்பிக்கையின் மேல் எழுந்திருக்கிறது. இணைய வாயில் நான்தான் என்று எந்தக் கணுவும், விரும்பிய வேகத்தைச் சொல்லி அறிவித்துக்கொள்ளலாம். வாயிலைத் தேடும் மற்றவை அதை நம்பி, ஐபி முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கையை அதனிடமே அனுப்பக்கூடும். முகவரி விசாரணைகளால் காற்று நிரம்பாமலிருக்க, எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று சொல்லும் ஏஆர்பி விடைகளை மூன்று மூன்று கணுக்களிடம் பகிர்ந்து சேமிக்கும் ஏற்பாடு உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. அந்த மூவரில் ஒருவர் பொய்யராக இருந்தால் விடையும் பொய்யாகும். வாடிக்கைக் கருவி ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதாக அறிவிக்கும் செய்தியும் அப்படியே: உங்கள் கைபேசி இப்போது என்னிடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் வலையமைப்பு தலையாட்டும்.

நியாயமாகச் சொன்னால் இது இம்மென்பொருளுக்கு மட்டும் உரிய குறையன்று. ஏஓடிவியின் வரையறையே தனிப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு எதையும் தான் குறிப்பிடவில்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்திருந்தது. அங்கும் பெரிய வரிசை எண்ணுடன் ஒரு பொய் விடை போதும். ஆனால் துறை அங்கேயே நின்றுவிடவில்லை. ஓஎல்எஸ்ஆரின் இரண்டாம் பதிப்பு 2014இல் வந்தபோது, செய்திகளுக்கு முழுமைச் சரிபார்ப்பு மதிப்பும் நேரமுத்திரையும் சேர்க்கும் முறையை ஆர்எஃப்சி 7182, 7183 ஆகியவை வகுத்துக்கொடுத்தன. பேபல் என்ற இன்னொரு வழித்தேடல் நெறிமுறை 2021இல் ஆர்எஃப்சி 8966 ஆகப் புதுப்பிக்கப்பட்டபோது, பகிர்ந்த திறவுகோலைக் கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்க்கவும் பழைய பாக்கெட்டை மறுபடி ஒலிப்பதைத் தடுக்கவும் ஆர்எஃப்சி 8967 உடன் வந்தது. அவையும் உள்ளேயிருக்கும் துரோகியைப் பிடிக்காது. வெளியாளைக் கதவருகே நிறுத்தும். பேட்மேனிடம் அந்தக் கதவும் இல்லை.

கதவை அடியிலுள்ள அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இதை இயக்குபவர்களிடையே உள்ள வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். 802.11எஸ் என்ற வைஃபை தரத்தில், கருவிகள் தமக்குள் நேரடியாகப் பேசும் மெஷ் முறையை இயக்கி, அதன் சொந்த வழித்தேடலை அணைத்துவிட்டு, எஸ்ஏஇ முறையில் கடவுச்சொல் வைத்து, அதன் மேல் பேட்மேனை ஏற்றினேன். எஸ்ஏஇ ஒவ்வொரு அண்டை ஜோடிக்கும் தனித் திறவுகோலை உருவாக்குகிறது. காற்றில் ஒட்டுக்கேட்டதைச் சேமித்து வைத்துக் கடவுச்சொல்லைப் பிற்பாடு ஊகித்துப் பார்க்கும் வித்தை அதனிடம் பலிக்காதபடி வடிவமைக்கப்பட்டது. 2019இல் அதன் செயலாக்கங்களில் பக்கவழிக் கசிவுகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன என்பதால், பழைய மென்பொருளோடு இயக்கக் கூடாது. இப்படி அமைத்த பிறகு கடவுச்சொல் தெரியாத கணுவின் அறிவிப்புகள் பேட்மேனை எட்டவே இல்லை. வேகத்தில் என் கருவிகளில் கண்ணுக்குத் தெரிந்த இழப்பும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். ஒரு ரூட்டர் திருடுபோனால் மீதமுள்ள அத்தனையிலும் மாற்றியாக வேண்டும். வலையமைப்பு அறுந்துபோகாமல் அதை எந்த வரிசையில் செய்வது என்பதை மென்பொருள் உங்களிடமே விட்டுவிடுகிறது.

பூட்டிய வீட்டுக்குள்ளும் இரண்டு ஆபத்துகள் மிஞ்சுகின்றன. அறிவிப்புகளை ஒழுங்காகத் திரும்பச் சொல்லிக்கொண்டே, தரவுப் பாக்கெட்டுகளில் சிலவற்றை மட்டும் கைநழுவ விடும் கணு முதலாவது. இம்மென்பொருள் அறிவிப்புகளையும் இணைப்புகளையும்தான் அளக்கிறது, சரக்கு போய்ச் சேர்ந்ததா என்பதை அளப்பதில்லை. எனவே அந்தக் கணுவின் மதிப்பெண் குறையாது. அண்டை நான் கொடுத்ததை மேலே அனுப்புகிறதா என்று ஒட்டுக்கேட்டுக் கண்காணிக்கும் யோசனை 2000ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டது. மோதலால் காதில் விழாமல் போனதையும் வேண்டுமென்றே அனுப்பாததையும் பிரித்தறிய முடியாததால் அது தடுமாறுகிறது. இரண்டாவது புழுத்துளை: வலையமைப்பின் இரு கோடிகளில் இரு பெட்டிகளை வைத்து, ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் அப்படியே ஒலிப்பது. பிராட்காஸ்ட் அறிவிப்புகளைப் பொறுத்தவரை, உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ளத் தேவையே இல்லாததால் குறியாக்கம் இதற்குத் தடையாகாது. பாக்கெட் பயணம் செய்த தூரத்தை நேரத்தால் கட்டுப்படுத்தும் தீர்வை ஹூ, பெரிக், ஜான்சன் ஆகியோர் 2003இல் விவரித்தார்கள். ஒளி 1 மைக்ரோநொடியில் சுமார் 300 மீட்டர் போய்விடுவதால், கணுக்களின் கடிகாரங்கள் அதைவிட நுட்பமாக ஒத்துப்போக வேண்டும். சிறு ரூட்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இந்த இரண்டிலும் பேட்மேனைக் குறைகூறுவதில் பொருளில்லை. சந்தையிலுள்ள எதுவும் இவற்றை முழுதாகத் தீர்த்துவைப்பதில்லை.

பேட்சிடிஎல் கருவியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். இரண்டாம் அடுக்கில் இணைப்பைச் சோதிக்கும் வழக்கமான பிங்கும் டிரேஸ்ரூட்டும் தாவல்களைக் காட்டாது என்பதால், கருவியின் வன்பொருள் முகவரியான மாக் முகவரியை வைத்தே அவற்றைச் செய்யும் சொந்தக் கட்டளைகளை இது தருகிறது. காற்றில் ஓடும் அறிவிப்புகளைப் பிரித்துப் படிக்கும் கட்டளையும் உண்டு. சந்தேகத்துக்குரிய கணுவைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது இதுதான், ஆனால் கண்டுபிடித்தது நான்தான். கருவி தானாக எச்சரிப்பதில்லை.

எல்லாக் கணுக்களையும் ஒருவரோ, ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவோ பராமரிக்கும் வலையமைப்புக்கு, 802.11எஸ் பூட்டுக்கு மேல், இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் வந்து சேர்ந்துகொள்ளும் திறந்த வலையமைப்பில் வைப்பதானால், இதை வெறும் கம்பியாகக் கருதி, முக்கியமானதையெல்லாம் மேலே முனைக்கு முனை குறியாக்கத்தில் அனுப்புவதே சரி. அப்போதும் பாக்கெட்டுகள் தொலைவதை அது தடுக்காது, படிக்கப்படுவதை மட்டும் தடுக்கும். வாகனங்கள் போன்ற வேகமான கணுக்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாகத் தொடங்குபவர் இயக்கி தரவு வேகத்தை ஒழுங்காகத் தெரிவிக்கிறதா என்று பார்த்துவிட்டு நேராக ஐந்தாம் பதிப்பிலேயே தொடங்கட்டும். நான்கும் ஐந்தும் ஒரே வலையமைப்பில் பேசிக்கொள்ளாது என்பதால், பிறகு மாறுவதென்றால் எல்லாக் கணுக்களையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியிருக்கும்.